தீப்பெட்டிக்குள் எத்தனை?

போன சனிக்கிழமை சாயங்காலம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டை நீட்டினாள். கணக்கு இதுதான்: கலவைக்கு 1 சட்டி சிமெண்டுக்கு 4 சட்டி மணல் போட வேண்டும். 3 சட்டி சிமெண்டு எடுத்தால் மணல் எத்தனை சட்டி? விடை 6 என்று எழுதியிருந்தாள். எப்படி வந்தது என்று கேட்டேன்.

"சிமெண்டு ரெண்டு கூடிருக்குல்ல மிஸ். அதான் மணல்லயும் ரெண்டு கூட்டினேன்."

குரலில் துளி சந்தேகம் இல்லை. திண்ணையின் மறுகோடியில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் கொத்தனாராக இருந்தவர். கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏ பாப்பா, மூணுக்கு ஆறுன்னா ஒண்ணுக்கு ரெண்டுல்லா ஆகிப்போச்சு. சிமெண்டு அவ்வளவு கூடுனா பூச்சு வெடிச்சுரும். ஒவ்வொரு சட்டி சிமெண்டுக்கும் தனியா நாலு சட்டி மணல் அள்ளணும். இப்ப சொல்லு."

அவள் விரலை மடக்கினாள். நாலு, எட்டு, பன்னிரண்டு. "பன்னெண்டு தாத்தா!" என்றாள்.

விகிதம் என்ற இயலைச் சொல்லிக்கொடுக்க நான் எத்தனையோ வருடமாகத் தேடிய சொல் அப்பாவின் வாயிலிருந்து சாதாரணமாக வந்து விழுந்தது: "ஒவ்வொரு... க்கும்". அன்றைக்கு ராத்திரியே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் ஐந்து, ஆறு, ஏழு படிக்கும் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு உதவும்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினாறு வருடமாக டியூஷன் எடுக்கிறேன். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பு முதல் பருவக் கணக்குப் புத்தகத்தின் மூன்றாவது இயல் 'விகிதம் மற்றும் விகித சமம்'. எளிய வடிவம், சமான விகிதம் வரை பிள்ளைகள் ஓடி வந்துவிடுவார்கள். 12:18-ஐச் சுருக்கு என்றால் 2:3 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அதே எண்களை நாலு வரி வாக்கியத்துக்குள் வைத்துக் கொடுத்தால் பென்சில் நின்றுவிடும். கணக்கு போடத் தெரியாததால் நிற்பதில்லை. அந்த வாக்கியம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது பிடிபடுவதில்லை.

முதல் சிக்கல் அந்தப் பெண் செய்ததுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை பிள்ளைகள் இரண்டு எண்களை ஒப்பிட்டதெல்லாம் கழித்துத்தான். எவ்வளவு அதிகம், எவ்வளவு குறைவு. திடீரென்று ஆறாம் வகுப்பில் வந்து, இப்போது மடங்கால் ஒப்பிடு என்கிறோம். மனம் பழைய வழியிலேயே போகும். அதனால் இயலைத் தொடங்கும் முன் ஒரு வாரம் நான் விகிதம் என்ற சொல்லையே எடுப்பதில்லை. ஒரு செடி 10 செ.மீ. இருந்தது, 20 ஆனது. பக்கத்துச் செடி 30 இருந்தது, 40 ஆனது. எது அதிகமாக வளர்ந்திருக்கிறது? முதல் நாள் எல்லோரும் "ரெண்டும் ஒண்ணுதான் மிஸ், பத்து பத்து" என்பார்கள். அதுவும் சரியான விடைதான், தப்பு என்று சொல்லக் கூடாது. அப்புறம் கேட்பேன்: முதல் செடி தன் பழைய உயரத்தைப் போல எத்தனை மடங்கு ஆனது? இரண்டாவது செடி இரண்டு மடங்காவது ஆனதா? அப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கூட்டிப் பார்ப்பது ஒன்று, பெருக்கிப் பார்ப்பது வேறொன்று என்று அவர்களுக்குள் தட்டுப்படும் நேரம் அதுதான். ஒரே விஷயத்துக்கு இரண்டு விதமாகவும் பதில் சொல்லப் பழக்கிவிட்டால் பிற்பாடு பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

இரண்டாவது, படிக்கும் விதம். பள்ளியில் 1:4-ஐ "ஒன் இஸ் டு ஃபோர்" என்றே வாசிக்கச் சொல்கிறார்கள். அது காதில் விழுமே தவிர மனதில் எதுவும் தோன்றாது. நான் "ஒன்றுக்கு நாலு" என்று வாசிக்கச் சொல்வேன். அந்த 'க்கு'வில் விகிதத்தின் மொத்தப் பொருளும் இருக்கிறது. கொத்தனார் மேல்தளப் பூச்சுக்கு ஒன்றுக்கு நாலு என்பார், செங்கல் சுவரின் பூச்சுக்கு ஒன்றுக்கு ஆறு என்பார். கான்கிரீட்டுக்கு ஒன்று, இரண்டு, நாலு: சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நாலு. அப்பா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனால் எந்தத் தளத்துக்கு எத்தனை சட்டி என்று அவர் ஒரு நாளும் தப்பியதில்லை.

அடுக்களையிலும் இதே பேச்சுதான், ஆனால் அங்கே ஒரு அழகான வேறுபாடு இருக்கிறது. இட்லிக்கு ஊறப்போடும்போது எங்கள் வீட்டில் "நாலுக்கு ஒன்று" என்போம். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. கொத்தனார் ஒன்றுக்கு நாலு, அம்மா நாலுக்கு ஒன்று. எண்கள் அதே எண்கள்தான். எதை முதலில் சொல்கிறோம் என்பது மாறிவிட்டது. விகிதத்தில் வரிசை முக்கியம் என்று புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. நான் கேட்பேன்: "அம்மா சொன்னதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஒரு டம்ளர் அரிசிக்கு நாலு டம்ளர் உளுந்து போட்டால் கிரைண்டர் என்ன ஆகும்?" பிள்ளைகள் சிரித்துக்கொண்டே, மாவு பொங்கி வழிவதைக் கையால் காட்டுவார்கள். அதற்குப் பிறகு யாரும் வரிசையை மாற்றி எழுதுவதில்லை. எழுதினாலும் "இட்லி!" என்று ஒரு சொல் சொன்னால் போதும், தானே திருத்திக்கொள்வார்கள்.

இங்கேயே இன்னொரு குழியையும் காட்டிவிட வேண்டும். சிமெண்டும் மணலும் ஒன்றுக்கு நாலு என்றால், கலவையில் சிமெண்டு எவ்வளவு? பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் "கால் பங்கு" என்பார்கள். மணலில் கால் பங்குதான். ஆனால் மொத்தக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு. ஒன்றும் நாலும் சேர்ந்து ஐந்து சட்டி அல்லவா? தங்க நகையை வைத்து இதை நன்றாக விளக்கலாம். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மிச்சம் 2 பங்கு செம்பு போன்ற வேறு உலோகம். ஒரு பவுன் 8 கிராம். மூன்று பவுன் எடுத்தால் சரியாக 24 கிராம், அதில் தங்கம் 22 கிராம், மற்றது 2. விகிதம் 22:2, சுருக்கினால் 11:1. 'பதினொன்றுக்கு ஒன்று' என்பது தங்கத்துக்கும் மற்ற உலோகத்துக்கும் உள்ள உறவு. 'பன்னிரண்டில் பதினொன்று' என்பது மொத்த நகையில் தங்கத்தின் பங்கு. 'க்கு'வும் 'இல்'லும் வேறு வேறு. இரண்டையும் உரக்கச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இனி என் தீப்பெட்டிகளைப் பற்றி.

எங்கள் ஊர்ப் பக்கம் தீப்பெட்டித் தொழில் எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டிக் கொடுப்பார். கணக்கெல்லாம் குரோஸில்தான். ஒரு குரோஸ் 144 பெட்டி. எனக்கு 12-ஆம் வாய்ப்பாடு வந்தது அந்தப் பெட்டிகளை அடுக்கித்தான். அந்தப் பழக்கமோ என்னவோ, காலித் தீப்பெட்டியைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது. இப்போது ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருக்கிறேன். கூடவே ஒரு டப்பா புளியங்கொட்டை.

அண்ணன், தம்பியிடம் இருக்கும் கோலிகளின் விகிதம் 5:3 என்று ஒரு கணக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அண்ணன் பக்கம் 5 பெட்டி, தம்பி பக்கம் 3 பெட்டி வைப்பேன். பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரே அளவு புளியங்கொட்டை போட்டு மூடிவைத்திருப்பேன். "எல்லாப் பெட்டியிலும் ஒரே அளவுதான் இருக்கிறது. எத்தனை என்று சொல்ல மாட்டேன். இப்போது அண்ணனிடம் எத்தனை கோலி?" என்பேன்.

முதலில் "அஞ்சு!" என்று கத்துவார்கள். அப்புறம் யாராவது ஒருவர் மெதுவாக, "மிஸ், அஞ்சு பெட்டிதான். உள்ள எத்தனைன்னு தெரியாதே" என்பார்.

இந்தப் பதிலுக்காகத்தான் அத்தனை ஏற்பாடும். விகிதம் பெட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது, பெட்டிக்குள் இருப்பதைச் சொல்வதில்லை. 5:3 என்பது 5 கோலியும் 3 கோலியுமாக இருக்கலாம், 50-ம் 30-மாக இருக்கலாம். விகித வாக்கியக் கணக்கு எதுவாக இருந்தாலும், ஒரு பெட்டியைத் திறக்கும் வழி ஒன்று அந்த வாக்கியத்துக்குள் எங்கேயோ இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒன்றைத் திறந்துவிட்டால் எல்லாவற்றையும் திறந்த மாதிரி. புத்தகத்தில் ஓரலகு முறை என்று வருவதும் இதுதான்.

அந்த வழி பெரும்பாலும் மூன்று விதமாக வரும். மொத்தத்தைச் சொல்லியிருப்பார்கள்: இருவரிடமும் சேர்த்து 64 கோலி. அப்படியென்றால் 8 பெட்டியும் சேர்ந்து 64, ஒரு பெட்டியில் 8. அல்லது ஒருவருடையதை மட்டும் சொல்லியிருப்பார்கள்: தம்பியிடம் 24. அப்போது 3 பெட்டிக்கு 24. அல்லது வித்தியாசத்தைச் சொல்லியிருப்பார்கள்: அண்ணனிடம் தம்பியைவிட 16 அதிகம். அப்போது அண்ணன் பக்கம் கூடுதலாக நிற்கும் 2 பெட்டிக்கு 16. மூன்றிலும் பெட்டிக்கு 8-தான். அண்ணனுக்கு 40, தம்பிக்கு 24. வேண்டுமென்றே ஒரே விடை வருகிற மாதிரி மூன்றையும் அடுத்தடுத்துக் கொடுப்பேன். கதை ஒன்று, கதவு மூன்று என்று அப்போதுதான் தெரியும்.

இதில் என் பழைய தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும், இன்னும் மனதில் உறுத்துகிறது. டியூஷன் தொடங்கிய முதல் இரண்டு மூன்று வருடங்களில் நான் "கூட்டு, வகு, பெருக்கு" என்று ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்தேன். விகித எண்களைக் கூட்டு, கொடுத்த எண்ணை அதால் வகு, ஒவ்வொன்றாலும் பெருக்கு. 360 ரூபாயை 4:5-ல் பிரி என்றால் 9 பங்கு, பங்குக்கு 40, எனவே 160-ம் 200-ம். அருமையாக வந்தது, பிள்ளைகளும் வேகமாகப் போட்டார்கள். அப்புறம் ஒரு பையன் பரீட்சையில் வித்தியாசக் கணக்கைச் சந்தித்தான். 5:3, வித்தியாசம் 16. கூட்டினான், 8. பதினாறை எட்டால் வகுத்தான், 2. அண்ணனுக்கு 10, தம்பிக்கு 6. மீதி இல்லாமல் வகுபட்டதால் அவனுக்குத் துளி ஐயமும் வரவில்லை. பத்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம் 4-தானே, கணக்கில் 16 என்று இருக்கிறதே என்று திரும்பிப் பார்க்க நான் அவனைப் பழக்கவில்லை. கெட்டிக்காரப் பையன். விடைத்தாளோடு வந்து என் முன்னால் நின்றபோது அவன் முகம் எப்படியிருந்தது என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அன்றோடு குறுக்குவழியை விட்டேன். கூடவே ஒரு விதியையும் கொண்டுவந்தேன்: விடையை எடுத்துப்போய்க் கணக்கின் வாக்கியத்துக்குள்ளேயே திரும்ப வைத்துப் பார்க்காமல் யாருக்கும் டிக் கிடையாது. விகிதம் சரியா, மொத்தமோ வித்தியாசமோ சரியா, இரண்டையும் பார்க்க வேண்டும். 40, 24. சுருக்கினால் 5:3, சரி. கழித்தால் 16, சரி. அப்புறம்தான் டிக்.

பிள்ளைகளை உண்மையிலேயே பயமுறுத்துவது 'முன்னால், பின்னால்' கணக்குகள்தான். ஒரு விகிதம் இருந்தது, ஏதோ நடந்தது, விகிதம் மாறிவிட்டது. இரண்டு விகிதம், ஒரே ஒரு எண். இங்கே நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: எது மாறவில்லை?

ஒரு வகுப்பில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் 3:4. புதிதாக 5 பெண் பிள்ளைகள் சேர்ந்ததும் அது 2:3 ஆகிவிட்டது. முதலில் எத்தனை பேர்? பிள்ளைகள் உடனே 3-ஐயும் 2-ஐயும் பார்த்துவிட்டு, "ஆம்பளப் பசங்க குறைஞ்சுட்டாங்களா மிஸ்?" என்பார்கள். குறையவில்லை, ஒருவரும் போகவில்லை. அப்படியானால் அதே ஆண் பிள்ளைகள் முதல் விகிதத்தில் 3 பெட்டி, இரண்டாவதில் 2 பெட்டி என்றால், பெட்டியின் அளவுதான் மாறியிருக்கிறது! அளவு மாறிய பெட்டிகளை வைத்துக்கொண்டு கணக்கு போட முடியாது. இரண்டு பக்கமும் ஆண் பிள்ளைகளுக்கு ஒரே பெட்டி எண்ணிக்கை வர வேண்டும். 3-க்கும் 2-க்கும் பொதுவாக 6. முதல் விகிதம் 6:8, இரண்டாவது 6:9. பெண் பிள்ளைகள் பக்கம் 8 பெட்டி 9 பெட்டியாகியிருக்கிறது. கூடிய ஒரு பெட்டிதான் அந்த 5 பேர். ஆண்கள் 30, பெண்கள் 40, மொத்தம் 70. ஐந்து பேர் சேர்ந்ததும் 30:45, அதாவது 2:3. இந்த இடத்தில் ஒரு பிள்ளை "ஓ!" என்று வாயைத் திறந்தால் அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

கொடுக்கல் வாங்கல் கணக்கில் மாறாதது மொத்தம். அண்ணன், தம்பி 5:3. அண்ணன் 8 கோலி கொடுத்ததும் இருவரிடமும் சமம். யாரும் புதிதாக வாங்கி வரவில்லை, எதுவும் தொலையவில்லை, அதே 8 பெட்டிதான். சமம் என்றால் 4:4. ஒரே ஒரு பெட்டி கைமாறியிருக்கிறது, அதில் 8 கோலி.

வயதுக் கணக்கில் மாறாதது வித்தியாசம். இதைச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு எப்போதும் ஒரு ஆச்சரியம். அம்மாவுக்கும் மகளுக்கும் இப்போது வயது 3:1. 12 வருடம் கழித்து 2:1. அம்மாவுக்கு வயது ஏறும்போது மகளுக்கும் ஏறுகிறது, இடைவெளி என்றைக்கும் அதே இடைவெளி. இப்போது இடைவெளி 2 பெட்டி, பிறகு 1 பெட்டி. ஆகவே இரண்டாவதை 4:2 என்று எழுதிக்கொள்ள வேண்டும். 3 என்பது 4 ஆகியிருக்கிறது, 1 என்பது 2 ஆகியிருக்கிறது. ஒரு பெட்டி 12 வருடம். அம்மாவுக்கு 36, மகளுக்கு 12. பன்னிரண்டு வருடம் போனால் 48-ம் 24-ம். ஒரு பிள்ளை போன வருடம் தன் அம்மாவின் வயதையும் தன் வயதையும் வைத்து ஒவ்வொரு வருடத்துக்கும் விகிதம் எழுதி, ஒரு பக்கம் நிறைத்துக்கொண்டு வந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகவே செய்தது. விகிதம் மெல்ல மெல்ல ஒன்றுக்கு ஒன்று பக்கம் போகிறது, ஆனால் போய்ச் சேரவே இல்லை என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். பதினோரு வயதுப் பிள்ளை.

பெட்டிகளைத் தாளில் வரைந்தால் அது பட்டைப் படம். இதை எனக்குக் காட்டியது சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை மகள். அவள் அங்கே தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பு படித்தபோது வீடியோ காலில், "பெரியம்மா, நாங்க இப்படி வரைவோம்" என்று நீளக் கட்டங்களை வரைந்து காட்டினாள். அங்கே 1980-களில் பாடத்திட்டத்துக்காக உருவாக்கிய முறை அது. சின்ன வகுப்பிலிருந்தே கூட்டல் கழித்தலுக்குப் பட்டை வரைந்து பழகி, அதே பட்டையைப் பின்னத்துக்கும் விகிதத்துக்கும் கொண்டுபோகிறார்கள். என் தீப்பெட்டியும் அவளுடைய பட்டையும் ஒன்றுதான் என்று கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இப்போது முதல் வாரம் பெட்டி, இரண்டாவது வாரம் பட்டை, மூன்றாவது வாரம் வெறும் எண். இந்த வரிசையை அவசரப்பட்டு மாற்றக் கூடாது. பட்டை வரைய அலுத்துக்கொண்டு பிள்ளை தானாகவே எண்ணுக்குத் தாவினால், அது தயாராகிவிட்டது என்று பொருள்.

பட்டையின் அளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 5 கட்டமும் 3 கட்டமும் ஒரே நீளத்தில் வந்து முடிகிற மாதிரி வரைந்தால், அங்கேயே குழப்பம் தொடங்கிவிடும். கட்டம் போட்ட நோட்டு வாங்கிக்கொடுப்பது நல்லது.

அலகு விஷயம் சின்னதுதான், சீக்கிரம் சரியாகிவிடும். 50 பைசாவுக்கும் 2 ரூபாய்க்கும் விகிதம் என்றால் 50:2 என்று எழுதிச் சுருக்கி 25:1 என்பார்கள். ஐம்பது பைசா இரண்டு ரூபாயைவிட 25 மடங்கு பெரியதா என்று கேட்டால் போதும். 50:200, அதாவது 1:4.

மூன்று பேர் வரும் கணக்கு இன்னொரு படி மேலே. அக்கா, அண்ணன் 2:3. அண்ணன், தம்பி 4:5. இரண்டிலும் வருபவர் அண்ணன். அவர் ஒரு இடத்தில் 3 பெட்டி, இன்னொரு இடத்தில் 4 பெட்டி. பொதுவாக 12. ஆக 8:12:15. 700 ரூபாயைப் பிரித்தால் பெட்டிக்கு 20, முறையே 160, 240, 300. முன்னால் பின்னால் கணக்கைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இது தானாகவே வரும். புரியாத பிள்ளைக்கு இதை முதலில் கொடுத்து வதைக்க வேண்டாம்.

விகிதம் நன்றாக வர ஆரம்பித்ததும் இன்னொரு ஆபத்து வரும். எல்லாவற்றையும் பெருக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்காகவே நடுவில் இப்படி ஒன்று வைப்பேன்: கொடியில் 5 சட்டை காய 2 மணி நேரம் ஆகிறது, 10 சட்டை காய எவ்வளவு நேரம்? இடம் இருந்தால், வெயிலும் அதே வெயில் என்றால், அதே 2 மணி நேரம்தான். ஒரு பாட்டை ஒருத்தி பாட 4 நிமிடம், இரண்டு பேர் சேர்ந்து பாடினால்? நாலு நிமிடம். ஒரு சுவரை 2 கொத்தனார்கள் 6 நாளில் கட்டினால் 4 கொத்தனார்கள்? இங்கே கூடினால் குறையும், 3 நாள். ஏழாம் வகுப்பில் 'நேர் மற்றும் எதிர் விகிதங்கள்' என்று இது தனி இயலாகவே வருகிறது. ஆறாம் வகுப்பிலேயே பெருக்கும் முன் ஒரு நொடி நின்று, "ஒன்று கூடினால் மற்றதும் அதே மடங்கு கூடுமா?" என்று கேட்கப் பழகிவிட்டால் அடுத்த வருடம் சுலபமாக இருக்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை கணக்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். நாலு போதும். இருபது கணக்கு கொடுத்தால் மூன்றாவதிலிருந்து பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிட்டு, முதல் கணக்கைப் போலவே எல்லாவற்றையும் போடத் தொடங்கும். நாலும் வேறு வேறு வகையாக இருக்க வேண்டும், அதில் ஒன்று போன வாரத்து வகையாக இருக்க வேண்டும். நான் ஒன்றை எண் இல்லாமலே கொடுப்பேன்: "ஒரு கூடையில் தக்காளியும் வெங்காயமும் ஏதோ ஒரு விகிதத்தில் இருக்கின்றன. கொஞ்சம் தக்காளியை எடுத்துவிட்டோம். எது மாறியது? எது மாறவில்லை? ஒரு பெட்டியைத் திறக்க இன்னும் என்ன தெரிய வேண்டும்?" எண் இல்லாதபோது பென்சிலால் தப்பிக்க முடியாது, பேசித்தான் ஆக வேண்டும். வாய் பேசாத பிள்ளைகூட இந்தக் கேள்விக்குப் பேசும்.

நாலாவது கணக்கு எப்போதும் அவர்களே உண்டாக்குவது. வீட்டிலோ கடையிலோ பார்த்ததை வைத்து எழுத வேண்டும், விடையும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் எழுதுபவை பெரும்பாலும் ஓட்டையாக இருக்கும். பெட்டியைத் திறக்க வழியே வைக்க மாட்டார்கள், அல்லது ஒரு பெட்டிக்குள் மூன்றரைக் கோழி வரும். அதைத் திருத்துவதுதான் உண்மையான பயிற்சி. தன் கணக்கில் எந்த எண்ணை மாற்றினால் விடை முழு எண்ணாக வரும் என்று தேடும் பிள்ளைக்கு நான் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருப்பதில்லை.

சிமெண்டுக்கு இரண்டு கூட்டிய அந்தப் பெண் நேற்று ஒரு கணக்கு எழுதிக்கொண்டு வந்தாள். அவளுடைய அம்மா பூ கட்டுகிறவர். "அம்மா 3 மல்லிகைப் பூவுக்கு 2 கனகாம்பரம் வைத்துக் கட்டுகிறார். கட்டி முடித்ததும் மல்லிகை கனகாம்பரத்தைவிட 45 அதிகமாக இருந்தது. மொத்தம் எத்தனை பூ?" என்னிடம் தரவில்லை, நேராக அப்பாவிடம் போனாள்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். டின்னிலிருந்து பெட்டிகளை எடுக்கச் சொன்னார். மல்லிகைக்கு மூன்று, கனகாம்பரத்துக்கு இரண்டு என்று திண்ணையில் அடுக்கினாள். கூடுதலாக நின்ற ஒற்றைப் பெட்டியின்மேல் விரலை வைத்தார். "இதுதான் நாப்பத்தஞ்சு. அப்ப அஞ்சு பெட்டி... எரநூத்தி இருபத்தஞ்சு பூ."

"சரிபாருங்க தாத்தா" என்றாள், டிக் போடாமல்.

மல்லிகை 135, கனகாம்பரம் 90 என்று அவர் பென்சிலால் மெதுவாக எழுதினார். கழித்துப் பார்த்தார். 45.